கருப்பு நான்கு, நீலம் ஒன்று

காலை முதல் பேருந்தில் கோகாவில் வந்து இறங்குகிறவர்கள் இரண்டே வகை. வயிற்றுவலிக்காரர்கள் ஒன்று, மூலிகை வியாபாரிகள் இன்னொன்று. அன்று இறங்கிய பெண் இரண்டிலும் சேர்த்தியில்லை என்று ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே நோபு முடிவு கட்டிவிட்டாள். கையில் பையில்லை, தலைமுடி சீவப்படவில்லை, நடை மட்டும் சத்தமே இல்லாத நடை. சரளைக்கல்லில் அப்படி நடக்கக் கணவாய்க்கு அந்தப்புறம் இருக்கும் இகாப் பக்கத்து ஆட்களால்தான் முடியும்.

"ஏங்க, வேர் இடிச்சது போதும். உங்களுக்கு வேலை வருது," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவள் மெனக்கெடவில்லை.

அவள் புருஷன் தோகுஜி மருந்து மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு வருடத்துக்கு இரண்டு தடவை இருநூறு வீடுகளுக்குப் போகிறவர். ஒவ்வொரு வீட்டிலும் அவர் வைத்த மருந்துப்பெட்டி ஒன்று இருக்கும். எது தீர்ந்திருக்கிறதோ அதை நிரப்பிவிட்டு வருவார். எந்த வீட்டில் யாருக்குத் தூக்கமில்லை, எந்த மருமகள் மசக்கையை மறைக்கிறாள் என்பதெல்லாம் அந்தப் பெட்டிகளைத் திறந்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்லமாட்டார். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் ஏதாவது காணாமல் போனால் காவல் நிலையத்துக்கு முன்னால் இவரிடம் வருவார்கள்.

வந்தவள் ஓனோகி வீட்டுச் சயோகோ. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஜனவரியில் இறந்துபோனார். பார்லித் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மருந்துக்காரய்யா, எங்க வீட்டுச் சுருள் போயிடுச்சு," என்றாள்.

நோபுவின் கையிலிருந்த விசிறி நின்றது. ஓனோகி வீட்டுச் சுருள் என்றால் பதினான்கு தலைமுறை ஷினோபி வித்தை. வெளியூர்க்காரர்கள் இப்போது நிஞ்சா நிஞ்சா என்று பத்திரிகையில் எழுதித் தள்ளுகிறார்களே, அதேதான். பிரபுக்களுக்காக வேவு பார்த்த குடும்பங்கள் சண்டையெல்லாம் ஓய்ந்தபிறகு இகாவில் வயல் உழுதன, கோகாவில் மருந்து இடித்தன. வித்தையை மட்டும் ஓசைப்படாமல் வைத்துக்கொண்டன.

"என்னிக்குப் போச்சு?" என்றார் தோகுஜி.

"நேத்து மத்தியானம். வெயில் காலமாச்சேன்னு ஏடு, துணிமணி எல்லாத்தையும் பின்னறையில காத்தாட விரிச்சிருந்தேன். பன்னெண்டு மணிக்கு எல்லாரும் முன்னறையில சோமென் சேமியா சாப்பிட உக்காந்தோம். நான், கன்சுகே சித்தப்பா, ஒசாகாவிலேர்ந்து வந்திருக்கிற பத்திரிகைக்காரர் ஹதானோ, அப்புறம் எங்க சபைப் பெரியவர் உஷியோ ஐயா. ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தா சுருள் இருந்த எடத்துல அஞ்சு அரிசி மணி மட்டும் கெடக்கு."

"நிற அரிசியா?" என்று நோபு குறுக்கே பாய்ந்தாள். ஷினோபிகள் ஐந்து நிறம் ஏற்றிய அரிசியைத் தூவி ஒருவருக்கொருவர் செய்தி வைப்பது அவளுக்கும் தெரியும். பறவை கொத்தாது, அந்நியனுக்குப் புரியாது.

"ஆமாக்கா. சித்தப்பா குனிஞ்சு பார்த்துட்டு, 'அஞ்சு மணி, இது பக்கத்துப் பள்ளத்தாக்கு வித்தைப் பள்ளிக்காரங்க அடையாளம்'னாரு. அஞ்சு கருப்பு வெச்சா 'எடுத்துக்கிட்டோம், தேடாதே'ன்னு அவங்க பாஷையில அர்த்தம். ஆனா வாசப்படியில நின்ன உஷியோ ஐயா, 'அதுல ஒண்ணு நீலம்டா, இது எந்த ஊர் அடையாளம்? எவனோ வெளியூர் முட்டாள் வேலை'ன்னு கத்தினாரு. நாலு கருப்பு, ஒரு நீலம். எந்தப் பள்ளியிலயும் அதுக்கு அர்த்தமே கெடையாது. அதுவுமில்லாம அந்தப் பள்ளத்தாக்குப் பள்ளியில கடைசி ஆள் செத்து ரெண்டு வருஷமாச்சு."

"சாப்பாட்டு நடுவுல யாராவது எழுந்து போனாங்களா?"

"மூணு பேருமே போனாங்க. சித்தப்பா கிணத்துலேர்ந்து தர்பூசணி எடுக்க, ஹதானோ சார் கேமராவுக்கு ஃபிலிம் மாத்த, உஷியோ ஐயா கொல்லைக்கு. ஆனா ஐயா, பின்னறைக் கதவு உங்களுக்குத்தான் தெரியுமே! கொஞ்சம் தள்ளினாலே ஊரைக் கூட்டும். எங்க தாத்தா வேணும்னே அப்படிப் பண்ணி வெச்சாரு. நேத்து ஒரு சத்தமும் கேக்கல. நான் போய்ப் பார்த்தப்போ கதவு ஓடற காடியில தண்ணி நின்னுச்சு."

"அறையில வேற எதாவது மாறியிருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. மூங்கில் கழியில அப்பாவோட உடுப்பெல்லாம் சீரா எடைவெளி விட்டு மாட்டியிருந்தேன். அது மட்டும் ஒரு பக்கமா ஒதுங்கிக் கெடந்துச்சு. காத்துல ஆடியிருக்கும். பார்த்த உடனே அறையைப் பூட்டி சாவிய கழுத்துல மாட்டிக்கிட்டேன்."

அதுவரை திடமாகப் பேசியவள் அங்கே கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். இன்று மூன்று மணிக்கு ஏழு குடும்பத்தாரும் கூடுகிறார்கள். சித்தப்பா சபை முன்னால் சுருளைப் படித்துக்காட்டி, அவளிடம் பள்ளியை ஒப்படைக்க வேண்டும். சுருளில் முக்கியமான இடங்களிலெல்லாம் 'மீதி வாய்மொழி' என்று மட்டுமே எழுதியிருக்கும். அந்த மீதியை அப்பா சாவதற்கு முன் தம்பியிடம் சொல்லி, மகளிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

"உஷியோ ஐயா சொல்லிட்டாரு. 'ஒரு நாள் காவல் காக்கத் தெரியாத பொண்ணு கையில பதினாலு தலைமுறைய எப்படிக் குடுக்கறது? மூணு மணிக்குள்ள சுருள் வரலேன்னா பயிற்சிக் கூடத்தைப் பூட்டிட வேண்டியதுதான்'னு. பூட்டினா பூட்டட்டும்னு கூட விட்டுடுவேன் ஐயா. ஆனா ராத்திரி பூரா ஒரு நெனப்பு. சித்தப்பாவுக்கே அந்தத் தலைமை எடத்து மேல ஆசையோ? என்னைத் தூக்கி வளத்தவரு. அவரைப் போயி இப்படி நெனக்கறேனே!"

தோகுஜி எழுந்து மூட்டையைக் கட்டினார். "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

"எட்டு பத்துக்கு," என்றாள் நோபு. அவள் ஏற்கெனவே செருப்பில் காலை நுழைத்துவிட்டிருந்தாள்.

கணவாய் ஏறி இறங்கும்வரை அவள் வாய் ஓயவில்லை. "இதுல என்னங்க யோசனை? பத்திரிகைக்காரன்தான். அவனுக்குத்தான் நிறம் தெரியாது. உஷியோ ஐயாவே சொல்லிட்டாரே."

"அந்தப் பத்திரிகைக்காரருக்குக் காடியில தண்ணி ஊத்தத் தெரியுமா?" என்றார் தோகுஜி, மலையைப் பார்த்தபடி.

கதவு கீச்சிடாமலிருக்கக் காடியில் தண்ணீர் விடுவது ஷினோபிகளின் பாலபாடம். நோபு கட்சி மாறினாள். "அப்ப உஷியோ ஐயாதான். பொம்பளை தலைமைக்கு வரக்கூடாதுன்னு பண்ணியிருப்பாரு."

"அவருக்கு அரிசி அடுக்கத் தெரியாதா?"

"உங்ககிட்ட பேசறதுக்குப் பதிலா அந்த மலைகிட்ட பேசலாம்," என்று சொல்லிவிட்டுப் பேருந்திலிருந்து கோபமாக இறங்கியதில் அவளது இடது மரச்செருப்பின் வார் தளர்ந்து போனது.

ஓனோகி வீட்டுப் பயிற்சிக் கூடத்தில் கன்சுகே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயதிலும் நிமிர்ந்த முதுகு. பக்கத்தில் சுவரோடு ஒரு கைத்தடி சாத்தியிருந்தது. ஏப்ரலில் முழங்கால் பிடித்துக்கொண்டதிலிருந்து தடியோடுதான் நடக்கிறார் என்றாள் சயோகோ. எதிரே வைக்கோல் இலக்கின் பின்னால் சின்ன மணி ஒன்று கட்டியிருந்தது. மாணவன் ஒருவன் கயிற்றை இழுக்க, மணி சிணுங்க, கன்சுகே கண்ணை மூடிக்கொண்டு எறிகத்தியை வீசினார். நட்ட நடுவில் போய்க் குத்தியது.

"வசந்த காலத்துலேர்ந்து இப்படித்தான் சொல்லித்தராராம். கண்ணே வேண்டாம்கிறாரு, காது போதும்கிறாரு!" என்று ஹதானோ கேமராவோடு துள்ளினார். நாற்பது வயதில் பள்ளிக்கூடத்துப் பையனின் உற்சாகம்.

நோபு வாயைப் பிளந்தபடி வாசலில் ஓரடி வைத்தாள். கன்சுகே முகத்தைத் திருப்பாமலே, "எடது செருப்பு வார் தளர்ந்திருக்கே, யாரும்மா அது?" என்றார்.

"நாங்கதான், மருந்துக்காரங்க," என்றார் தோகுஜி.

"அடடே, தோகுஜியா! இலையுதிர் காலத்துல தானே வருவீங்க? வாங்க, வாங்க!"

தோகுஜி பின்னறையைக் கேட்கவில்லை, காடியைக் கேட்கவில்லை. முதலில் மருந்துப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நோபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குடும்பமே தவித்துக்கொண்டிருக்கும்போது இந்த மனுஷனுக்கு வியாபாரம் கேட்கிறது! அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மார்ச்சில் நிரப்பிய பெட்டி. வயிற்று மாத்திரை பாதி தீர்ந்திருந்தது. கண் மருந்துப் புட்டிகள் மூன்றும் காலி. வலிக்குப் போடும் பிளாஸ்திரி கட்டு மேலே சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

"பாவம், அப்பாவை நெனச்சு அழுது அழுது கண்ணு எரிஞ்சிருக்கும் பொண்ணுக்கு," என்று நோபு கிசுகிசுத்தாள்.

"சயோகோ, நீ கண் மருந்து போட்டியா?"

"இல்லையே ஐயா."

தோகுஜி மூடியை மூடினார். அடுத்து பின்னறை. கதவைத் தள்ளியதும் அது கிரீச்சென்று அலற, முன்கட்டில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். அறைக்கு உயரத்தில் கம்பி போட்ட சாளரம் ஒன்று மட்டும். பாய்த்தரையில் மீதிச் சுருள்கள் வரிசையாக இருந்தன. மேலே இரண்டு தடித்த மூங்கில் கழிகள் கயிற்றுத் தொங்கலில் படுத்திருந்தன. ஒன்றில் அம்மாவின் கிமோனோக்கள் சீராகத் தொங்கின. இன்னொன்றில் அப்பாவின் உடுப்புகள் இடப்பக்கம் மொத்தமாக நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. தோகுஜி அண்ணாந்து கொஞ்சநேரம் பார்த்தார். தொடவில்லை.

பிறகு கூடத்து அலமாரியில் இருந்த ஐந்து அரிசி ஜாடிகளைத் திறந்தார். சிவப்பும் மஞ்சளும் சுத்தமாக இருந்தன. கருப்பு ஜாடியைக் கையில் கவிழ்த்ததும் நடுநடுவே நீலமும் ஊதாவும் எட்டிப்பார்த்தன. நீல ஜாடியிலும் அதே கலப்படம்.

"பாடம் முடிஞ்சதும் இதையெல்லாம் பொறுக்கிப் பிரிச்சுப் போடறது யாரு?"

"சித்தப்பாதான். வேற யார் கையும் படவிடமாட்டாரு. ஆனா இப்படிக் கலந்து நான் பார்த்ததே இல்லையே! அப்பா காலத்துல ஒரு மணி தப்பினாக்கூட வீடு ரெண்டாயிடும்."

தோகுஜி அடுத்து ஹதானோவைப் பிடித்து, "அந்தக் கதவை நீங்க திறந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, வந்த அன்னிக்கே தள்ளிட்டு உசிரே போயிடுச்சு. மெழுகு தடவட்டுமான்னு கேட்டேன். கன்சுகே ஐயா சிரிச்சாரு, காரணம் சொல்லல. எனக்கென்ன ஐயா, இன்னிக்கு சுருளைப் படம் எடுத்துக்கோன்னு சயோகோம்மாவே அனுமதி குடுத்திருந்தாங்க. இப்ப எனக்கும் போச்சு."

நோபுவின் முதல் சந்தேகம் அங்கேயே படுத்துவிட்டது. ஆனால் உஷியோ மிச்சமிருக்கிறாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

உஷியோ ஒரு மணிக்கு வந்தார். கன்சுகேவுக்குச் சமவயசு, கழுகு மூக்கு, எதையும் பாராட்டிப் பழக்கமில்லாத வாய். "மருந்து விக்கறவன் எல்லாம் திருடன் பிடிக்க வந்துட்டானா? ஒங்க கோகாவுல வேற வேலை இல்லையா?" என்றார்.

"மருந்துக்கு வந்தேங்க, அப்படியே இதையும் பார்க்கலாம்னு. நேத்து நீல மணியை எங்க நின்னு பார்த்தீங்க?"

"வாசப்படியில. என் கண்ணு இன்னும் பருந்துக் கண்ணு."

இரண்டு மணிக்குத் தோகுஜி நால்வரையும் பின்னறைக்கு அழைத்தார். நோபு கதவருகே உட்கார்ந்துகொண்டாள், யாராவது ஓடினால் பிடிப்பதற்கு. அவள் கண் உஷியோவின் மேலேயே இருந்தது.

"சுருள் இந்த அறையை விட்டுப் போகவே இல்ல," என்று தோகுஜி ஆரம்பித்தார். "ஜன்னல்ல பூனை கூட நுழையாது. பட்டப்பகல்ல வாசல் வழியா ஒரு சுருளைத் தூக்கிட்டு முன்னறையைத் தாண்ட முடியாது. எடுத்தவருக்கும் அது தெரியும். சயோகோ, நேத்து காத்து அடிச்சுச்சா?"

சயோகோ யோசித்தாள். "இல்ல. புழுக்கமா இருந்துச்சு. விசிறிக்கிட்டே தான் சாப்பிட்டோம்."

"அப்ப ஒங்க அப்பா உடுப்பு ஏன் ஒரு பக்கமா ஒதுங்குச்சு? பக்கத்துக் கழியில ஒண்ணு கூட நகரலையே?"

அவர் எழுந்து அந்த மூங்கில் கழியின் வலது முனையைத் தொங்கலிலிருந்து எடுத்து உயர்த்தினார். உடுப்புகள் சரசரவென்று இன்னும் இடப்பக்கம் வழுக்கின. முனையில் விரலை விட்டு, அடைத்திருந்த துணிப்பந்தை எடுத்துவிட்டு, முனையைக் கீழே தாழ்த்தினார். உள்ளேயிருந்து ஊதாப் பட்டு நாடா கட்டிய சுருள் வழுக்கி அவர் உள்ளங்கையில் வந்து நின்றது.

சயோகோ அதைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. உஷியோ, "ராத்திரி பூரா தலைக்கு மேலயே தொங்கியிருக்கு!" என்று முணுமுணுத்தார்.

"யாருங்க வெச்சது? சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் நோபு.

"காடியில தண்ணி விட்டவரு வித்தை தெரிஞ்சவரு. அப்ப ஹதானோ இல்ல, அவரு மெழுகு கேட்ட ஆளு. அடுத்தது அரிசி. வித்தை தெரிஞ்சவரு கருப்பு அஞ்சு வைக்க நெனச்சு ஏன் நீலத்தைக் கலக்கணும்? அவசரத்துலயா? ஜாடியிலயே கலந்திருக்கு, அது நேத்து கலந்தது இல்ல, மாசக்கணக்கா கலந்தது. உஷியோ ஐயாவா? அவரு வாசப்படியில நின்னே நீலத்தைக் கண்டுபிடிச்சாரு. தான் வெச்ச தப்பைத் தானே ஊருக்குக் காட்டுவாரா?"

உஷியோ மூக்கை உறிஞ்சினார். நோபு அவர் மேலிருந்த பார்வையை மரியாதையாக விலக்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. இவரு பழியைப் போடத் தேர்ந்தெடுத்தது ஆளே மிச்சமில்லாத ஒரு பள்ளி மேல. உசிரோட இருக்கற யாருக்கும் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு நெனச்ச திருடன் இவரு. இப்ப எங்க தொழிலுக்கு வரேன். ஒருத்தருக்கு முழங்கால் வலின்னு தடி வேணும். ஆனா பெட்டியில பிளாஸ்திரி பிரிக்கவே இல்ல. அதே பெட்டியில கண் மருந்து மூணு புட்டியும் காலி. கண்ணை மூடிக்கிட்டு மணிச் சத்தத்துக்குக் கத்தி எறியறவரு, வாசல்ல நிக்கற பழகின மனுஷனைக் குரல் கேட்டப்புறம் தான்..."

"போதும், தோகுஜி," என்றார் கன்சுகே.

அவர் தடியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணுல புரை விழுந்துடுச்சு. ரெண்டுலயும். நீலம், கருப்பு, ஊதா எல்லாம் எனக்கு ஒரே இருட்டு. எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி கூடத் தெரியல, வெறும் பனி. கியோட்டோவுல டாக்டர் செப்டம்பர்ல வெட்டி எடுத்துடலாம்னாரு. ரெண்டு மாசம் தள்ளிப்போட்டா போதும்னு நெனச்சேன். சுருள் காணோம்னா சபையே தள்ளி வைக்கும். கண்ணு வந்ததும் கழியிலேர்ந்து எடுத்து, கெடச்சிடுச்சுன்னு குடுத்துடலாம்னு..."

"ஏன் சித்தப்பா? என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" சயோகோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரி பூரா செத்துப் பொழச்சேன். உங்களுக்கே எடத்து மேல ஆசைன்னு கூட நெனச்சுட்டேன்!"

"எனக்கா? அந்த எடத்துல ரெண்டு மணி நேரம் மண்டியிட்டு உக்காரணுமே, யாருக்கு வேணும்?" என்றவர் உடனே தலையைக் கவிழ்த்தார். "படிக்கிறவன் தன் கண்ணால படிச்சுக் குடுக்கணும்கிறது முறை. முடியலேன்னா கையளிக்கத் தகுதி போச்சு. தகுதி போனவன் வாயிலேர்ந்து வர வாய்மொழியும் செல்லாது. அண்ணன் எனக்குச் சொன்னது என்னோடயே போயிடும். ஒனக்குச் சேர வேண்டியது, என்னால நின்னுபோச்சுன்னு ஆயிடக்கூடாதுன்னு பயந்துட்டேன்மா. நேத்து உஷியோ கூடத்தைப் பூட்டறேன்னதும் எடுத்துக் குடுத்துடலாம்னு ஓடி வந்தேன். அதுக்குள்ள நீ அறையைப் பூட்டிட்டே."

சயோகோ நகர்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உஷியோ தொண்டையைக் கனைத்தார். "முறைன்னா முறை. படிக்க முடியாதவன் கையளிக்க முடியாது."

நோபுவுக்கு அந்த மூக்கைத் திருகினால் என்ன என்று இருந்தது. தோகுஜி மட்டும் பதறாமல் கேட்டார்: "அந்த முறையை எதுக்குங்க வெச்சாங்க?"

"எதுக்கா? நடுவுல எவனும் ஒரு வரி சேர்க்கல, ஒரு வரி அழிக்கலன்னு குடுக்கறவன் சரிபார்க்கணும். அதுக்குத்தான்."

"அப்ப அதைச் சரிபார்த்துட்டா போதும் தானே? கண்ணால பார்த்தா என்ன, காதால பார்த்தா என்ன? நீங்களே படிங்க. பருந்துக் கண்ணாச்சே."

உஷியோ அவரை முறைத்தார். பிறகு கையை நீட்டிச் சயோகோவிடமிருந்து சுருளை வாங்கி, நாடாவை அவிழ்த்தார். கம்மிய குரலில் படிக்கத் தொடங்கினார். மூச்சை அடக்கும் முறை, ஈரக் காகிதத்தின் மேல் கிழியாமல் நடக்கும் முறை, பூனையின் கண்மணியைப் பார்த்து நேரம் சொல்லும் முறை. கன்சுகே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடுகள் மட்டும் கூடவே அசைந்தன. உஷியோ ஒரு இடத்தில் மூச்சு வாங்கி, சுருளைக் கொஞ்சம் அதிகமாகவே உருட்டி, மேலே தொடர்ந்தார்.

"நில்லு, உஷியோ."

"என்ன?"

"மழை நாள்ல கூரை ஏறறதைப் பத்தின வரியை முழுங்கிட்டே. பன்னெண்டு வயசுலயும் அதே வரியைத்தான் முழுங்கினே. எங்கப்பா மூங்கில் குச்சியால கணுக்கால்ல போட்டாரே, மறந்துட்டியா?"

உஷியோ சுருளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நோபு எட்டிப் பார்த்தாள். மனுஷன் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். கழுகு மூக்கின் நுனியில் ஒரு சொட்டு நின்றது.

"வலது கணுக்கால்," என்றார். "இன்னும் குளிர் காலத்துல வலிக்குது." பிறகு சுருளை மிக நிதானமாகச் சுருட்டி இரண்டு கையாலும் கன்சுகேயின் மடியில் வைத்தார். "மூணு மணிக்கு நான் படிக்கறேன். நீ சரிபாரு. சபையில எவனாவது எழுந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அப்படியே நடந்தது. கன்சுகே சபை முன்னால் தன் கண்ணைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். ஏழு குடும்பத்தார் வாய் திறப்பதற்கு முன்னால் உஷியோ எல்லோரையும் ஒரு சுற்று முறைத்தார், அதோடு சரி. சுருள் படித்து முடிந்ததும் வாய்மொழிக்காக அனைவரும் வெளியே வந்தார்கள். பின்னறையில் கன்சுகேயும் சயோகோவும் மட்டும் இருந்தார்கள். கதவு அலறிக்கொண்டு மூடியது.

நோபு தர்பூசணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பாள்? யாரும் பார்க்காதபோது வீட்டைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, நுனிக்காலில் அந்தக் கம்பிச் சாளரத்துக்குக் கீழே போய் நின்றாள். உள்ளே தாழ்ந்த குரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"நோபும்மா, இன்னும் அந்த வாரை இறுக்கலையா? விழுந்து வெக்கப்போறீங்க. போயி பழத்தைச் சாப்பிடுங்க."

உள்ளே சயோகோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நோபு முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். தோகுஜி குனிந்து அவள் இடது செருப்பின் வாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

அரைமணி கழித்துக் கதவு மறுபடியும் அலறியது. சயோகோ வெளியே வந்தாள். சுருள் அவள் கையில் இருந்தது. சித்தப்பாவின் கை அவள் தோளில் இருந்தது. தடியை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தார். முற்றத்தில் முதலில் தலை வணங்கியது உஷியோ. அவர் வணங்கியபிறகு மற்றவர்கள் நிமிர்ந்து நிற்க வழியில்லை.

ஹதானோ குறிப்பேட்டோடு முன்னால் வந்தார். "கன்சுகே ஐயா, ஒரே ஒரு வரி. உள்ள என்ன சொன்னீங்க?"

"எழுதிக்கோங்க," என்றார் கன்சுகே. "மீதி, வாய்மொழி."

ஹதானோ அதை அப்படியே அக்கறையாக எழுதிக்கொண்டார்.

கிளம்பும் முன் தோகுஜி மருந்துப்பெட்டியை நிரப்பினார். நோபு பக்கத்தில் நின்று பார்த்தாள். கண் மருந்து ஒன்றுகூட வைக்கவில்லை. பிளாஸ்திரி மட்டும் மேலும் மூன்று கட்டுகள் வைத்து அமுக்கினார்.

"ஏங்க, பழசே பிரிக்கலை. எதுக்கு இவ்வளவு?"

"செப்டம்பர்ல அவருக்குக் கண்ணு வந்துடும். இத்தனை மாசமா பசங்க என்னென்ன தப்பு பண்ணாங்கன்னு அப்பத்தான் பார்ப்பாரு," என்று சொல்லி தோகுஜி பெட்டியை மூடினார். "நான் மறுபடி வரதுக்குள்ள இதுவே பத்தாது."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். ஐந்தரைப் பேருந்துக்கு இன்னும் கால்மணி இருந்தது.